வெள்ளத்திலும் புயலிலும் வீட்டைவிட்டுக் கிளம்ப ஓர் அவசரகாலப் பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் கையோடு எடுத்துச் செல்ல வேண்டிய பையைப் பற்றி, சென்னையிலிருந்து தூத்துக்குடி வரையிலான கரையோர மாவட்டங்களில் வசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு சென்னை ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது கற்றவையும், பின்வந்த மழைக்காலங்களில் நிவாரண முகாம்களில் உதவியபோது கண்டவையுமே இந்தப் பதில்களுக்கு அடிப்படை.

எங்கள் தெருவில் இதுவரை தண்ணீர் வந்ததே இல்லை. எங்களுக்கும் இப்படி ஒரு பை வேண்டுமா?

வேண்டும். 2015 நவம்பர் மாதம் முழுவதும் மழை கொட்டியபோதும் நாங்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்ட அன்று இரவு, எங்கள் வீட்டில் முதலில் நனைந்தது வாசல்படி அல்ல. குளியலறையின் தரைச் சல்லடை வழியாகத்தான் கறுப்புத் தண்ணீர் கொப்புளித்து மேலே வந்தது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே கூடத்தில் கணுக்கால் அளவுக்கு நீர் ஏறிவிட்டது. அது வாசல் வழியாக வந்திருந்தால் கொஞ்சம் முன்னதாகவே விழித்துக்கொண்டிருப்போம்.

இதுவரை நடக்காதது இனியும் நடக்காது என்று இருந்துவிட முடியாது. 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வானிலை ஆய்வு மையம் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்று வகைப்படுத்துகிறது என்பதோடு ஒப்பிட்டால், அந்த அளவின் கடுமை புரியும்.

இந்தப் பேரிடர்கள் பெரும்பாலும் இரவில்தான் வந்து சேர்கின்றன என்பதையும் கவனியுங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டதும் ஊர் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலையில்தான். மின்சாரம் போன வீட்டில், அரைத்தூக்கத்தில், குழந்தை அழும்போது எதை எடுப்பது எதை விடுவது என்று யாராலும் சரியாக யோசிக்க முடியாது. அந்த யோசனையைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்து வைத்துக்கொள்வதற்குத்தான் இந்தப் பை.

எத்தனை நாள் தேவைக்குக் கட்டுவது?

கையில் எடுத்துச் செல்லும் பை மூன்று நாள் தேவைக்கு இருந்தால் போதும். 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் நின்றபோது, அதிலிருந்த சுமார் 800 பயணிகளில் பலர் 19ஆம் தேதிதான் மீட்கப்பட்டார்கள். அருகிலுள்ள கிராமத்தினர் தங்கள் வீடுகளும் மழையில் சிக்கியிருந்த நிலையில் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். வெளி உதவி வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகக்கூடும் என்பதற்கு அந்த இரண்டு இரவுகளே சான்று.

மாடி வீட்டில் இருப்பவர்களின் நிலை சற்று வேறுபடும். அவர்கள் பெரும்பாலும் வெளியேறுவதில்லை. சுற்றிலும் தண்ணீர் நிற்க, மின்சாரமும் லிஃப்ட்டும் மோட்டாரும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் பல குடும்பங்கள் நாள்கணக்கில் அப்படித்தான் இருந்தன. அவர்கள் பையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒரு வாரத்துக்கான குடிநீரையும் சமைக்காமல் உண்ணக்கூடிய உணவையும் வீட்டில் தனியாகச் சேர்த்து வைப்பது நல்லது.

எந்த மாதிரிப் பை? குடும்பத்துக்கு ஒன்று போதுமா?

இரண்டு தோளிலும் மாட்டும் முதுகுப்பையாக இருக்க வேண்டும். ஒரு கை படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்கவும், இன்னொரு கை குழந்தையையோ பெரியவரையோ பிடிக்கவும் தேவைப்படும் என்பதால், சூட்கேஸும் கட்டைப்பையும் இதற்கு உதவா. பிள்ளைகள் பயன்படுத்திவிட்ட பழைய பள்ளிப்பையே போதும். ஜிப்பும் தோள்வாரும் உறுதியாக இருக்கின்றனவா என்று மட்டும் இழுத்துப் பாருங்கள். நீர்புகாத பை என்று விற்கப்படுபவை சாரலைத் தாங்குமே தவிர, வெள்ளத்தில் முங்கினால் தாங்குவதில்லை. ஆகவே பைக்குள் முதலில் ஒரு தடித்த பெரிய பாலித்தீன் உறையை விரித்து, பொருள்களை எல்லாம் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு, அதன் பிறகே ஜிப்பை மூடுங்கள்.

நடக்க முடிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பை இருப்பதே சிறந்தது. குடும்பம் இரண்டு படகில் பிரிந்து ஏற நேரலாம், இரண்டு முகாம்களுக்குப் போக நேரலாம். அப்போது அப்பாவின் மருந்து அண்ணன் முதுகில் இருந்து பயனில்லை. பெரியவர்களின் பை 7, 8 கிலோவைத் தாண்டக் கூடாது. பத்து வயதுக் குழந்தையின் பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மாற்றுடை, கொஞ்சம் தின்பண்டம், ஒரு விசில், வீட்டு முகவரியும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய அட்டை ஆகியவை இருந்தால் போதும்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்துபாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு மாடி நிற்காமல் ஏறுங்கள். மூச்சு வாங்கினால் எதையாவது எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் சோதனையில் என் அம்மா மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால், நாங்கள் சொல்லாமலே ஒரு எவர்சில்வர் தூக்கும் இரண்டு பட்டுப்புடவையும் உள்ளே இருந்தன.

தண்ணீர் எவ்வளவு எடுத்துக்கொள்வது?

குடிக்கவும் மிகக் குறைந்த சமையலுக்கும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிட்டால், மூன்று நாளுக்கு ஒன்பது லிட்டர் ஆகிறது. அதாவது தண்ணீர் மட்டுமே ஒன்பது கிலோ. இதை முதுகில் சுமந்து வெள்ளத்தில் நடக்க முடியாது. ஆகவே ஆளுக்கு இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களை மட்டும் பையில் வைத்துவிட்டு, மீதித் தேவைக்குக் கிடைக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்துகொள்ளும் வழியை எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை எடையே இல்லாதது. கலங்கிய நீரை வெள்ளைத் துணியில் நான்காக மடித்து வடிகட்டி, அட்டையில் எழுதியிருக்கும் அளவுப்படி மாத்திரையைப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அடுப்பு கிடைத்தால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டாலே கிருமிகள் இறந்துவிடும்.

ஆனால் தெருவில் நிற்கும் வெள்ளநீரை இப்படிச் சுத்தம் செய்து குடிக்கக் கூடாது. அதில் சாக்கடையோடு டீசலும் எண்ணெயும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம். அவற்றைக் கொதிக்கவைத்தும் குளோரினிட்டும் நீக்க முடியாது. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய்ப் படலத்தோடு வெள்ளம் புகுந்ததை நினைவில் வையுங்கள். வெள்ளத்தில் முங்கிய தரைத்தொட்டியின் நீரும் அப்படியே. அதைச் சுத்தம் செய்யும் வரை தொடவேண்டாம்.

எந்த உணவை வைப்பது?

அடுப்பு, பாத்திரம், பால், குளிர்சாதனப் பெட்டி ஆகிய எதையும் எதிர்பார்க்காத உணவாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. அவல் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினாலே வயிறு நிறையும் உணவாகிவிடும். சிறிது வெல்லத்தூள் கலந்து வைத்தால் வேறெதுவும் தேவையில்லை. பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க், வறுத்து அரைத்த சத்துமாவு ஆகியவை வாரக்கணக்கில் கெடாதவை. பிரெட் இரண்டாம் நாளே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அது வேண்டாம். நூடுல்ஸுக்கு அடுப்பும் தண்ணீரும் வேண்டும். முறுக்கும் மிக்சரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான்; ஆனால் உப்புத் தின்பண்டம் தாகத்தைக் கூட்டும் என்பதைக் குடிநீர் குறைவாக உள்ள இடத்தில் மறக்கக் கூடாது.

ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கானதைத் தனித்தனிச் சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். பெரிய டப்பாவைத் திறந்தால் ஈரக்காற்றில் முழுவதும் நமத்துப்போகும். பொட்டலமானால் அருகில் இருப்பவருக்கும் கொடுக்கலாம். முகாமில் எல்லாக் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க நம் குழந்தைக்கு மட்டும் ஊட்ட முடியாது.

அசல் ஆவணங்களைப் பையில் வைக்கலாமா, நகல் போதுமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. தொலைந்தால் எளிதில் திரும்பக் கிடைப்பவை, கிடைக்க அலைய வேண்டியவை என்று ஆவணங்களை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஆதார் அட்டையை இணையத்தில் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவையும் இணையத்தில் கிடைக்கும். ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவுச் சான்றும் அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருந்தால், அவை சட்டப்படி அசலுக்கு இணையானவை. இவற்றுக்கு நகல் போதும். ஆனால் வீட்டின் அசல் கிரயப் பத்திரம் தொலைந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்றாலும், விற்கும்போதும் கடன் வாங்கும்போதும் அசல் எங்கே என்ற கேள்வி வரும். காவல் நிலையத்தில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம் என்று நீண்ட அலைச்சல் தொடங்கும். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் இதே வகைதான்.

ஆகவே அசல்கள் அனைத்தையும் கனமான ஜிப் உறைகளில் இரட்டையாகப் போட்டு, ஒரே தட்டைக் கோப்பாக, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கோப்பு பையின் முதுகுப் பக்கத்தில் செருகப்பட வேண்டும். நகல்கள் எப்போதும் பையிலேயே இருக்கட்டும். ஆவணங்கள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, வெளியூரில் உள்ள ஒரு உறவினருக்கு அனுப்பி வையுங்கள். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால், மழைக்காலத்துக்கு முன் ஒவ்வோர் அறையையும் ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து அதனுடன் சேர்த்து அனுப்புங்கள்.

குடும்ப அட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம், நியாயவிலைக் கடைகள் வழியாக டோக்கன் கொடுத்தே வழங்கப்பட்டது. வெள்ளத்துக்குப் பிறகு முதலில் தேவைப்படும் காகிதம் அதுதான். அதைச் சமையலறை அலமாரியில் விட்டுவிட்டு வரக் கூடாது.

காகிதம் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் ஒரு முகாமில் வயதான அம்மா ஒருவர், சேற்றில் ஊறி ஒரே பாளமாக ஒட்டிக்கொண்டிருந்த தன் வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாக நகத்தால் உரிக்க முயன்றார். ஒவ்வொரு தாளும் எழுத்தோடு அடுத்த தாளில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. பாதி வரை வந்த பிறகுதான் நாங்கள் பார்த்தோம். ஒட்டிய தாள்களை ஈரத்தில் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. சேற்றை மட்டும் சுத்தமான நீரில் மெல்ல அலசிவிட்டு, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டு நொறுங்கும். உடனே காயவைக்க வசதி இல்லாவிட்டால், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்காவது ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த காகிதம் அப்படியே இருக்கும். பிறகு நிதானமாகக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

பணமும் நகையும்?

மின்சாரமும் அலைவரிசையும் போன பிறகு யுபிஐ வேலை செய்யாது, ஏடிஎம்மும் திறக்காது. ஆளுக்கு 2,000 ரூபாய் அளவுக்கு 10, 20, 50, 100 ரூபாய்த் தாள்களாகப் பையில் இருக்கட்டும். 500 ரூபாய்த் தாளுக்கு அந்த நாளில் யாரிடமும் சில்லறை இருக்காது. நகையைப் பையில் வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலம் முழுவதும் வங்கிப் பெட்டகத்தில் இருப்பதே நல்லது. அதற்கு வழியில்லாதவர்கள் உடலோடு கட்டிக்கொள்ளும் சிறு துணிப்பையில் வைக்கலாம்.

தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. முகாம்களில் மருத்துவக் குழு வந்தவுடன் நீண்ட வரிசை நிற்கும். மருத்துவர் என்ன மாத்திரை என்று கேட்பார். ரோஸ் கலர், சின்னது, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று பதில் வரும். இரத்த அழுத்தத்துக்கும் ரோஸ் நிறத்தில் உண்டு, சர்க்கரைக்கும் உண்டு, இரத்தத்தை இளக்கவும் உண்டு. மருத்துவர் ஊகித்துக் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் அனுப்பவும் மனம் வராது. மருந்துச் சீட்டின் நகலும், மாத்திரையின் பெயர் தெரியும்படி கத்தரித்த ஒரு காலி அட்டையும் கையில் இருந்திருந்தால் அந்தச் சிக்கல் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

குறைந்தது ஏழு நாளுக்கான மாத்திரைகளை, அட்டையிலிருந்து பிரிக்காமல், ஜிப் உறையில் போட்டு வையுங்கள். புதிய மாத்திரை வாங்கும் ஒவ்வொரு முறையும் பையில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு புதியதை அங்கே வைத்தால், காலாவதி பற்றிய கவலையே இராது. இரத்த வகை, ஒவ்வாமை, இருக்கும் நோய்கள், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள், 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வரை தாங்கும். உங்களுடைய வகைக்கு எத்தனை நாள் என்பதைப் பெட்டியில் உள்ள தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றிய சிறு மண்சட்டிக்குள், உறையில் போட்டு வைத்தால் போதிய குளிர்ச்சி கிடைக்கும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. ஊசிகளையும், சர்க்கரை திடீரெனக் குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரையையும் கூடவே வையுங்கள்.

இவற்றோடு முதலுதவிக்குக் கட்டுத்துணி, பிளாஸ்டர், கிருமிநாசினிக் களிம்பு, பாராசிட்டமால், நான்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலங்கள் ஆகியவை போதும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுமையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகா. பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் நீரில் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்துகொள்ளலாம்.

உடை, செருப்பு பற்றி ஏதாவது?

ஆளுக்கு ஒரு மாற்றுடை, இரண்டு உள்ளாடை, ஒரு மெல்லிய ஈரிழைத் துண்டு, ஒரு போர்வை. ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாள் காயாது. வேட்டியும் கைலியும் உடுக்க, போர்த்த, மறைப்புக் கட்ட, குழந்தைக்குத் தூளி போட என எல்லாவற்றுக்கும் உதவும். ரப்பர் செருப்பு சேற்றில் முதல் பத்தடியிலேயே காலைவிட்டுப் போய்விடும். குதிகாலில் வார் உள்ள செருப்பு அல்லது பழைய ஷூ பையின் வெளியே கட்டித் தொங்கட்டும்.

வெளிச்சத்துக்கும் செய்திக்கும் என்ன ஏற்பாடு?

நெற்றியில் மாட்டும் எல்இடி விளக்கு ஒன்று இருந்தால் இரண்டு கையும் விடுபடும். பேட்டரிகளை விளக்கிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். உள்ளேயே விட்டால் மாதக்கணக்கில் கசிந்து விளக்கைக் கெடுத்துவிடும். மெழுகுவத்தியை நான் தவிர்ப்பேன். வெள்ளம் புகுந்த வீட்டில் சிலிண்டர் புரண்டு வாயு கசிந்திருக்கலாம், நெரிசலான முகாமில் துணியில் தீப்பிடிக்கலாம்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போனை ஒன்றரை முதல் இரண்டு முறை வரை நிரப்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டும். போன் அணைந்தால் எண்களும் போய்விடும் என்பதால், முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகியவை அந்தத் தாளில் முதலில் இருக்க வேண்டும். போன் கோபுரங்கள் செயலிழந்த பிறகும் வானொலி கேட்கும். பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு ரேடியோ இடத்தை அடைக்காது. உதவிக்குக் கத்தித் தொண்டை வறண்ட பிறகும் விசில் ஊத முடியும்.

பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தனியாக என்ன வேண்டும்?

மாதவிலக்கு நாள் நெருங்காவிட்டாலும் சானிட்டரி நாப்கின் ஒரு பொட்டலம் ஒவ்வொரு பெண்ணின் பையிலும் இருக்கட்டும். முகாமில் ஆண் தன்னார்வலரிடம் போய்க் கேட்கத் தயங்கி, கிழிந்த துணியோடு இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறப்படுத்தப் பழைய செய்தித்தாளும் கறுப்பு உறையும் கூடவே வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாயின் உணவும் தண்ணீரும்தான் ஏற்பாடு. வெள்ள நேரத்தில் யாரோ கொடுக்கும் பால்பவுடருக்கு மாறிவிட வேண்டாம், அதைக் கலக்கும் நீரே ஆபத்து. ஏற்கெனவே பால்பவுடர் குடிக்கும் குழந்தையாக இருந்தால், ஒரு வேளைக்கான அளவைத் தனித்தனியே மடித்து, கொதித்து ஆறிய நீரையும் மூடியுள்ள கிண்ணத்தையும் வையுங்கள். ஃபீடிங் பாட்டிலைவிடக் கிண்ணத்தைக் கழுவுவது எளிது.

முதியவர்களுக்கு மூக்குக்கண்ணாடி, காதுக்கருவியின் பேட்டரி, பல்செட் டப்பா, டயப்பர் ஆகியவற்றைச் சேருங்கள். நடக்க முடியாதவரை யார் தூக்குவது, எந்த நாற்காலியில் வைத்துத் தூக்குவது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் முன்பே பேசி வையுங்கள். அதைப் பையில் கட்டி வைக்க முடியாது.

எப்போது கிளம்ப வேண்டும்?

அதிகாரிகள் சொன்ன உடனே கிளம்புங்கள். சொல்லாவிட்டாலும், உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டு உங்கள் வீடு ஆற்றோரத்திலோ ஏரிக்கரையிலோ கடலோரத்திலோ இருந்தால், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள். கடலோர மக்கள் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்தே முடிவெடுத்து வந்தவர்கள். 8, 9, 10ஆம் எண் கூண்டுகள் பெரும் அபாயத்தையும், 11ஆம் எண் கூண்டு வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டதையும் குறிக்கும். அதுவரை காத்திருப்பது தாமதம்.

புயலின் நடுவே திடீரெனக் காற்று நின்று வானம் தெளிந்தால், புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப வீசும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் ஓடும் இரண்டாம் காற்றில்தான் விழும்.

தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் முழங்கால் ஆழமே ஆளைச் சாய்க்கப் போதும். ஓரடி ஆழத்தில் ஓடும் நீர் சிறிய காரையும் நகர்த்திவிடும். வேறு வழியே இல்லாமல் நடக்க நேர்ந்தால், கையில் ஒரு கம்பை எடுத்து ஒவ்வோர் அடிக்கும் தரையைத் தட்டிப் பாருங்கள். திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடையையும் வடிகாலையும் வெள்ளம் மூடியிருக்கும். பையின் மார்புப் பட்டையை மாட்டாமல், தேவைப்பட்டால் ஒரே உதறலில் விடும்படி தளர்த்தி வையுங்கள். உள்ளே எது இருந்தாலும் அந்த நேரத்தில் பையை விட்டுவிடத்தான் வேண்டும்.

வீட்டைப் பூட்டுமுன் என்ன செய்வது?

மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆனால் ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். குளியலறைச் சல்லடையின் மேல் தடித்த பாலித்தீனை விரித்து, மணல் நிரப்பிய சாக்கை வையுங்கள். எங்கே போகிறீர்கள் என்பதைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டு, ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் செய்தி அனுப்புங்கள்.

ஆடுமாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். கட்டிய கயிற்றால்தான் அவை சாகின்றன. அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடிப் போய்விடும். முகாமில் நாயையும் பூனையையும் அனுமதிக்காமல் போகலாம் என்பதால், மேட்டுப்பகுதியில் இருக்கும் நண்பரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

பையை எங்கே வைப்பது? எப்போதெல்லாம் பிரித்துப் பார்ப்பது?

வாசலுக்கு அருகில், இடுப்பு உயரத்துக்கு மேல், இருட்டில் தடவினாலும் கைக்குத் தட்டுப்படும் ஆணியில் மாட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் வைத்தால் அதுதான் முதலில் நனையும். பரணில் போட்டால் ஏணி தேட வேண்டியிருக்கும்.

நாள்காட்டியில் குறித்து வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் நிலைக்கவில்லை. அதனால் நாங்கள் பண்டிகையோடு சேர்த்துவிட்டோம். ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது பையைப் புதிதாகக் கட்டுகிறோம். அதற்குச் சில நாள்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். போகிப் பண்டிகையன்று பையைப் பிரித்து, அவலையும் கடலைமிட்டாயையும் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுகிறார்கள், போர்வையைத் துவைத்துப் போடுகிறோம், மருந்தை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். ஆவண நகல்களும் விளக்கும் மட்டும் ஆண்டு முழுவதும் உள்ளேயே இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால், மாற்றுடையை ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு என் மகளின் பையில் இருந்த பாவாடை அவளுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது.

இதற்கெல்லாம் நிறையச் செலவாகுமே?

ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பையும் துணியும் போர்வையும் வீட்டிலேயே இருக்கின்றன; தின்பண்டம் மாதச் சாமானோடு வந்துவிடும். பணம் கொடுத்து வாங்க வேண்டியவை விளக்கு, பவர் பேங்க், ஜிப் உறைகள், விசில், குளோரின் மாத்திரை ஆகியவைதான். கையில் காசில்லாத மாதத்தில் ஆவண நகல்களையும் மருந்துச் சீட்டையும் மட்டுமாவது ஓர் உறையில் போட்டு வையுங்கள். முகாமில் சோறும் போர்வையும் யாராவது கொடுத்துவிடுவார்கள். இந்த இரண்டையும் வேறு யாராலும் கொடுக்க முடியாது.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பும்போது பையில் உதவக்கூடியது ஏதேனும் உண்டா?

ரப்பர் கையுறை ஒரு சோடி, முகக்கவசம் இரண்டு. வடிந்த சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகும். வெறுங்காலோடு சேற்றை வழிக்காதீர்கள். வீடு திரும்பிய பின் ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளநீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அலமாரி, மெத்தை, கவிழ்ந்த பாத்திரம் எதையும் நேராகக் கையை விட்டுத் தூக்காமல் முதலில் கம்பால் தட்டுங்கள். பாம்பும் தேளும் உங்களைப் போலவே உலர்ந்த இடம் தேடி வந்திருக்கும். மின்வாரியப் பணியாளரோ எலக்ட்ரீஷியனோ பார்க்கும் வரை மெயின் சுவிட்சைப் போட வேண்டாம். அதுவரை வெளிச்சத்துக்குப் பையில் இருக்கும் நெற்றி விளக்கைப் பயன்படுத்துங்கள்.